வெள்ளிக்கிழமைப் படிவமும் உன் கல்யாண ரயிலும்

ராசா,

இதை நடந்துகொண்டோ சிவப்பு விளக்கில் நின்றுகொண்டோ வாசிக்காதே. ஒரு கதிரையில் இருந்து வாசி. அடுத்த சனிக்கிழமை கோயிலில் நீ நிரோஷினிக்குத் தாலி கட்டி முடித்து, பின்னேரம் நூற்றிருபது சனத்தோடு ஏறப்போகிற ரயிலை நினைத்து எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் என்றவுடன் நீ சிரிப்பாய். "அம்மாவுக்கு மழை பெய்தாலும் பயம், பெய்யாட்டிலும் பயம்" என்று நிரோஷினி வீட்டாருக்கு முன்னாலேயே சொன்ன பிள்ளை நீ. இது அந்த மாதிரிப் பயம் இல்லை. ரயில் போகிற வழியில் ஓடைக்கு மேலே ஒரு மரப்பாலம் இருக்கிறதல்லவா, அதன் கட்டைகள் பழுது. எனக்கு அது இரண்டு கிழமையாகத் தெரியும். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ரயில் நிற்கிற வளவில் காருக்குள் இருந்து எழுதுகிறேன். காலையில் தண்டவாளத்தைப் பார்த்து நடந்து முடித்துவிட்டேன், சப்பாத்து இன்னும் ஈரம். பக்கத்துச் சீட்டில் இன்றைய பாதைப் பரிசோதனைப் படிவம் வெறுமையாகக் கிடக்கிறது. பன்னிரண்டு மணிக்குக் கோர்டன் வருவார். நாளைக்குப் பொதுச் சனத்துக்கு ரயில் ஓட வேண்டும் என்றால் அதற்குள் அந்தப் படிவம் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை எழுதினால் அதையும் எழுதத் தைரியம் வரும் என்று நினைத்தேன். இதுவரை வரவில்லை.

இந்த ரயிலுக்குள் என்னை இழுத்து விட்டது நீதான், அதை மறந்துவிடாதே. பள்ளிக்கூடம் முடிப்பதென்றால் நாற்பது மணித்தியாலம் தொண்டு செய்ய வேண்டும் என்று வந்து நின்றாய். மற்றப் பிள்ளைகள் நூலகத்திலும் உணவு வங்கியிலும் செய்தார்கள். என் பிள்ளை மட்டும் பிக்கரிங்கையும் தாண்டி ஒரு மணித்தியாலம் ஓட வேண்டிய இடத்தில் ஒரு பழைய ரயிலைத் தேடிப் பிடித்து வைத்திருந்தது. உனக்கு அப்போது லைசென்ஸ் இல்லை. சனிக்கிழமைகளில் நான் கொண்டுவந்து விட்டுவிட்டு, போய் வர நேரம் காணாது என்று காருக்குள்ளேயே இருப்பேன். "அம்மா, காருக்குள்ள இருந்து என்ன செய்யிறீங்கள்? ஸோ எம்பரஸிங்" என்பாய். நாலாம் சனிக்கிழமை ஆரஞ்சு நிற அங்கி போட்ட ஒரு வெள்ளைக்காரர் கண்ணாடியில் தட்டினார். கார்க் கண்ணாடியில் யார் தட்டினாலும் எனக்கு இன்றைக்கும் பயம்தான். காரை எடுக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தால், "சும்மாதானே இருக்கிறாய், இந்த வாளியைப் பிடி" என்றார். வாளி நிறையத் துருப்பிடித்த ஆணிகள். அவர்தான் கோர்டன், தண்டவாளத்துக்குப் பொறுப்பானவர். நீ நாற்பது மணித்தியாலத்தை முடித்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டாய். நான் பதினாலு வருடமாக நிற்கிறேன். அப்பா போன பிறகு எனக்குச் சனி ஞாயிறு என்று ஒன்று இருந்ததே இந்த ரயிலால்தான்.

இது ஒருத்தருடைய ரயிலும் இல்லை என்பது எனக்கு விளங்கவே இரண்டு வருடம் எடுத்தது. நிலமும் தண்டவாளமும் ஊர்ச்சபைக்குச் சொந்தம். அதில் ஓட்டுகிற உரிமை மட்டும் எங்கள் தொண்டர் சங்கத்துக்கு. என்ஜின் சங்கத்தினுடையது. பெட்டிகள் இரண்டில் ஒன்று, இறந்துபோன ஓர் அங்கத்தவரின் குடும்பம் இரவல் தந்தது. டிக்கெட்டில் வருவதெல்லாம் கட்டைக்கும் டீசலுக்கும் காப்புறுதிக்கும் போகும், ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. என்ஜின் ஓட்டுகிறவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். கதவைச் சாத்தி விசில் ஊதுகிறவர் கணக்கு வாத்தியார். பொதுக்கூட்டத்தில் முப்பது வருடம் நின்றவருக்கும் ஒரு வாக்கு, வாளி பிடித்த எனக்கும் ஒரு வாக்கு. நாளைக்குச் சங்கத்தை மூடினாலும் மிச்சத்தை நாங்கள் பிரித்து எடுக்க ஏலாது, இதே மாதிரி வேறொரு சங்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் சனத்துக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்துவது பெரும்பாடு. யூனியன்வில்லில் இருக்கிற உன் மாமாவிடம் முதன்முதலில் சொன்னபோது அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"உது ஆரின்ரை ரயில், தங்கச்சி?"

"ஒருத்தற்றையும் இல்லை அண்ணா. சங்கத்தின்ரை."

"சங்கமெண்டா ஆர்?"

"நாங்கள் எல்லாரும்தான்."

"அப்ப ஏதும் பிழைச்சுப் போனா ஆரைப் பிடிப்பினம்?"

சிரித்துச் சமாளித்துவிட்டு வடையை எடுத்து நீட்டினேன். இந்த வசந்தத்தில் நீ திரும்பவும் சங்கத்துக்கு வந்து, உன்னை யாரோ இயக்குநர் சபைக்கு முன்மொழிந்து, மண்டபத்தில் எல்லாரும் கை தூக்கியபோது என் கையும் எழும்பியது. ஆனால் முழுக்க எழும்பவில்லை, தோளோடு நின்றுவிட்டது. நீ மேடையில் இருந்து பார்த்துப் பல்லைக் காட்டினாய். இனி ஏதும் பிழைத்தால் பிடிக்கிற ஆட்களின் பட்டியலில் என் பிள்ளையின் பெயரும் இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வேலை என்ன என்று உனக்குத் தெரியும், ஆனால் நாங்கள் அதை எப்படிச் செய்தோம் என்று தெரியாது. ரயில் ஓடுவதற்கு முதல் நாள் பாதை முழுவதையும் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். ஆணி எழும்பியிருக்கிறதா, தண்டவாளத்துக்குக் கீழே கிடக்கிற சிலிப்பர்க் கட்டை உக்கியிருக்கிறதா என்று சுத்தியலால் தட்டித் தட்டிப் போக வேண்டும். நல்ல கட்டை கணீரென்று சொல்லும், உக்கியது சத்தமே போடாது. ஸ்காபரோவில் தொழிற்சாலையில் இருபது வருடம் உதிரிப்பாகங்களில் பிழை பிடித்த ஆள் நான், எனக்குக் காது அதற்கென்றே பழகியிருந்தது. கோர்டனுக்கு வயதோடு காது மந்தம். ஆகவே நான் தட்டுவேன், நான் கேட்பேன், அவர் எழுதுவார். கையெழுத்தும் அவர்தான் போடுவார். தனியாக நடக்கிறதற்கான பரீட்சையை நான் பாஸ் பண்ணி ஏழு வருடம். "இனி நீயே கையெழுத்துப் போடலாம்" என்று அவர் பேனாவை எத்தனையோ தரம் நீட்டியிருக்கிறார். என் ஆங்கில எழுத்து வடிவில்லை என்று சாட்டுச் சொல்லித் தப்பிவிடுவேன். கோடையில் அவருக்கு இடுப்பில் ஒப்பரேஷன் நடந்த பிறகும் அதே வழக்கம்தான். நான் தனியாக நடந்து வந்து சொல்வேன், அவர் நிலையத்துக் கந்தோர்க் கதிரையில் இருந்தபடி என் சொல்லை நம்பித் தன் பெயரைப் போடுவார்.

என் எழுத்தில் ஒரு குறையும் இல்லை. குறை வேறு. இதை நான் உனக்குச் சொன்னதில்லை, அப்பாவுக்கும் பாதிதான் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது உன் மாமா எங்கள் ஊர் வாசிகசாலைக்குச் செயலாளர். கரப்பந்தாட்ட வலை வாங்குவது பற்றி ஒரு கூட்டம் வைத்தார்கள். வெறும் வலை. வீட்டில் சொல்லாமல் நானும் போய்ப் பின்வாங்கில் இருந்தேன். அண்ணா அழகான எழுத்தில் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். சமூகமளித்தோர் என்று போட்டு எட்டுப் பேரின் பெயரை வரிசையாக எழுதினார். என் பெயரை மட்டும் விட்டுவிட்டார், எங்கள் ஐயா, உன் தாத்தா, புத்தகத்தைப் பார்த்தால் எனக்கு ஏச்சு விழும் என்று. இரண்டு கிழமை கழித்து ஆமி வந்தது. வாசிகசாலை அலுமாரியை உடைத்து அந்தப் புத்தகத்தை எடுத்து, சந்தியில் வைத்து, ஒருவன் ஒவ்வொரு பெயராக வாசித்தான். எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணா நாலு மாதம் கழித்து வந்தார். இரண்டு பேர் வரவேயில்லை. மாமா ஏன் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் படிவத்தை உன்னிடம் தள்ளிவிடுகிறார் என்று சின்ன வயதில் கேட்டாய். வாசிக்கக் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று அவர் சொல்வார். கண்ணாடி சட்டைப் பைக்குள்தான் இருக்கும்.

அவர் எழுதியதற்காக நடுங்குகிறார். நான் எழுதப்படாததால் தப்பியவள். எழுதாத பெயரை யாரும் கூப்பிட முடியாது என்று அன்றைக்கு என் மண்டையில் ஏறியது இன்றைக்கு வரைக்கும் இறங்கவில்லை. நாலாம் வகுப்பில் உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் நீர்வீழ்ச்சி பார்க்கப் போனபோது நீ மட்டும் நூலகத்தில் இருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அனுமதிப் படிவம் தொலைந்துவிட்டது என்று சொன்னேன். தொலையவில்லை. ஏதும் நடந்தால் பள்ளிக்கூடம் பொறுப்பில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது, கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு. மூன்று நாள் கைப்பைக்குள் வைத்திருந்துவிட்டு, கிழித்துக் குப்பையில் போட்டேன். நீ அழவில்லை. வீட்டுக்கு வந்து, "பரவாயில்லை அம்மா, நான் ஒரு புக் முடிச்சிட்டன்" என்றாய். என்னை நானே அடித்திருக்க வேண்டும்.

இனிப் பாலத்துக்கு வருகிறேன். இரண்டு வெள்ளிக்கு முந்தி, பாலத்தின் நடுவில் ஆறாவது கட்டையைத் தட்டினேன். சத்தமில்லை. ஏழாவதிலும் இல்லை. எட்டாவதில் ஆணியை விரலால் பிடித்து இழுத்தேன், பல்லு விழுகிற மாதிரிக் கையோடு வந்தது. இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளியை அளக்கிற கோலை வைத்துப் பார்த்தால், இருக்க வேண்டிய கோட்டைத் தாண்டி நின்றது. பாலத்துக் கட்டை மற்றக் கட்டை மாதிரி இல்லை, மகன். கீழே மண் இல்லை, ஓடைதான் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பழுது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அந்த நிமிடமே பாதை மூடப்படும். சங்கத் தலைவியாலும் அதைத் திறக்க முடியாது. திருத்தி முடிந்து, தகுதியான ஒருவர் வந்து பார்த்து எழுதினால்தான் ரயில் ஓடும். பாலத்துக் கட்டை வந்து சேரவே கிழமைக்கணக்காகும். உன் கல்யாணத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது. நாதஸ்வரக்காரரைத் திறந்த பெட்டியில் ஏற்றி, சிவப்பு இலைக்குள்ளால் போக வேண்டும் என்று நிரோஷினி ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உனக்கு மட்டுமாவது சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். சொன்னால் நீ தெரிந்த இயக்குநர் ஆகிவிடுவாய், தெரிந்தவனின் பெயர்தான் முதலில் வாசிக்கப்படும். போனை வைத்துவிட்டேன். ஆணியைத் திரும்பவும் ஓட்டைக்குள் வைத்துக் காலால் மிதித்தேன். கந்தோருக்கு வந்து, கோர்டன் கேட்டபோது பாலம் பரவாயில்லை என்றேன். அவர் எழுதித் தன் பெயரைப் போட்டார். அடுத்த வெள்ளியும் அதே கேள்வி, அதே பொய்.

என்ஜின் ஓட்டுகிறவரிடம் போய், பாலத்தில் கொஞ்சம் மெதுவாகப் போங்கள், இலைகள் நல்ல வடிவு, சனம் படம் எடுக்கட்டும் என்று சொன்னேன். அதுதான் நான் செய்த ஒரேயொரு காரியம். சனியும் ஞாயிறும் ரயில் போகிற நேரமெல்லாம் பாலத்தடியில் போய் நின்றேன். நான் நின்றால் பாலம் நிற்குமா? ஆனாலும் நின்றேன். போன ஞாயிறு இரண்டாவது ஓட்டத்தில் ஒரு ஜன்னலில் இருந்து யாரோ என் பக்கம் கை காட்டினார்கள். பார்த்தால் அண்ணா. எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் பேரப்பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சின்னதை மடியில் வைத்து அதன் கையைப் பிடித்து ஆட்டினார். அவர்களுடைய பெட்டிச் சில்லு ஏழாவது கட்டையில் ஏறியபோது தண்டவாளம் வெளிப்பக்கம் சரிந்து திரும்பி வந்ததை நான் கண்ணால் கண்டேன். அவ்வளவு கிட்டத்தில் நின்றேன். ரயில் போய் முடிந்த பிறகு புல்லில் குந்திவிட்டேன். அன்று பின்னேரம் அண்ணா போன் எடுத்தார். "நல்ல ரயில் தங்கச்சி. உன்ரை ஆக்கள் எல்லாம் நல்ல கவனம். நான் சும்மா பயந்தன்" என்றார். நான் ஓம் என்றேன்.

கல்யாணம் கட்டப்போகிற பிள்ளைக்குத் தாய் ஏதும் நல்லதாகச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பயம் வந்தால் வந்த அன்றைக்கே நிரோஷினியிடம் சொல்லு. ஆம்பிளை பயப்படக்கூடாது என்று உன் சிநேகிதர்கள் சொல்வார்கள், அவர்களைப் போகச் சொல்லு. நான் உன் அப்பாவிடம் இருபத்தாறு வருடம் பயத்தை மறைத்து, அவர் என்னை ஒரு பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். வீட்டுக் கடதாசி, பிள்ளையின் படிவம் எதிலும் என் பெயர் போகாமல் அவர் பெயரையே முன்னால் தள்ளினேன். இப்போது கோர்டனுடையதைத் தள்ளியிருக்கிறேன். அந்தப் பாலம் விழுந்திருந்தால் யாருடைய பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள்? எழுபத்தெட்டு வயது மனிசன், என்னை நம்பினதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. சந்தியில் நின்று பெயர் வாசித்தவனை நாற்பது வருடமாகத் திட்டுகிறேன். அவன் கையில் கொடுக்க இன்னொருத்தரின் பெயரை எழுதுவித்தது நான். ஒரு கார் வளவுக்குள் திரும்புகிறது, கோர்டனின் மனைவியுடையது. சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்துவிட்டார்கள். நான் போகிறேன்.

இப்போது ஒன்றரை மணி. விட்ட இடத்தில் இருந்து எழுதுகிறேன்.

கோர்டன் கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டு வழமைபோலப் பேனாவை எடுத்தார். நான் அதை அவர் கையில் இருந்து வாங்கினேன். அவர் சிரித்தார், கடைசியில் எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். ஆறு, ஏழு, எட்டு என்று கட்டைகளின் இலக்கத்தை எழுதினேன். சிரிப்பு நின்றது. எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன்.

"இரண்டு வெள்ளியும் நான் உன்னைக் கேட்டேன்" என்றார்.

"ஓம்" என்றேன். எனக்கு அந்த நேரத்தில் ஆங்கிலம் வரவில்லை.

"என் பெயர் போட்ட கடதாசி இரண்டு அந்தக் கோப்பில் இருக்கிறது."

அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். போடவில்லை. இன்னொரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளி, அந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் நடந்ததை உள்ளபடி எழுதச் சொன்னார். எழுதினேன். நான் கண்டேன், நான் மறைத்தேன், அவருக்குத் தெரியாது என்று எழுதினேன். பிறகு அவர் தலைவி லிண்டாவுக்குப் போன் எடுத்து, நாளைக்கு ரயில் இல்லை, இந்தப் பருவம் முடியும் வரைக்கும் இருக்காது என்றார். வழமையாக எனக்கு ஒரு கோப்பி ஊற்றித் தருவார். இன்றைக்குத் தரவில்லை. தராதது சரிதான்.

ஆகவே, அடுத்த சனிக்கிழமை உன் கல்யாண ரயில் ஓடாது. நிறுத்தியது நான். முதலிலேயே சொல்லியிருந்தால் வேறு ஏதும் ஒழுங்கு பண்ண உங்களுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்திருக்கும், அதையும் நான்தான் தின்றுவிட்டேன். நிரோஷினியிடம் நானே வந்து சொல்கிறேன், அவள் ஏசட்டும். நிலையத்தில் நிற்கிற பெட்டிகளில் சனத்தை இருத்தி, நாதஸ்வரத்தை அங்கேயே வாசிப்பிக்கலாம் என்று லிண்டா கோர்டனிடம் போனில் சொன்னாராம். உங்களுக்கு விருப்பமென்றால் செய்யுங்கள். மாமாவைக் கட்டாயம் கூப்பிடு. அவருக்கும் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது.

நீ இதை வாசிக்க முதலே அறிவித்தல் உன் போனுக்கு வந்திருக்கும். இயக்குநர் சபை கூடும். என்னை வைத்திருப்பதா, விலக்குவதா என்று பேசுவார்கள், பேசத்தான் வேண்டும். அந்த நேரம் நீ கதிரையை விட்டு எழும்பி வெளியே போ. எனக்காக ஒரு வாக்கும் போடாதே. ஆனால் அதற்கு முதல் என் படிவம் மேசையில் சுற்றி வரும். எழுத்துக் கோணல்மாணலாக விழுந்திருக்கிறது, ஆனாலும் வாசிக்கலாம். முழுப் பெயரும் எழுதியிருக்கிறேன், அப்பாவின் பெயரோடு, அதுதான் உன்னுடைய கடைசிப் பெயரும். யாராவது அதைப் பார்த்துவிட்டு உன் பக்கம் திரும்பி, இது உனக்கு யார் என்று கேட்டால் பயப்படாதே ராசா. என்னுடைய அம்மா என்று சொல்லு.

அம்மா